அலியா, டைசனா? வேறு வேறு காலத்து பாக்சர்களை மோதவிட்டுப் பார்ப்பது எப்படி

அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடக்கும் பெரிய சண்டை நமக்கு ஞாயிறு காலையில் வரும். அது முடிந்த கையோடு புதுச்சேரி பீச் ரோட்டில் டீ குடிக்க நிற்பவர்களிடம் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது: "அண்ணே, இவன் டைசன் காலத்துல இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்?" ஆளுக்கொரு பதில் சொல்வார்கள், குரல் உயரும், டீ ஆறும், முடிவு மட்டும் வராது. காரணம் எளிது. எந்த வயது டைசன், எத்தனை ரவுண்டு, எந்தக் காலத்து விதி என்று யாரும் முதலில் பேசிக்கொள்வதில்லை. ஆட்களை ஒப்பிடும் முன்பு நிபந்தனைகளை எழுதி வைத்தால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

தேவையானவை ஒரு நோட்டு, போனில் ஸ்டாப்வாட்ச், சண்டைப் பதிவுகளுக்கு பாக்ஸ்ரெக் தளம், படங்களுக்கு யூடியூப். ஒரு ஜோடியை ஒழுங்காக ஒப்பிட ஒரு முழு மாலை ஆகும். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டதென்றால் எதையோ பார்க்காமல் விட்டிருக்கிறீர்கள்.

முதல் படி: எந்த இரவு?

நோட்டில் பெயரை மட்டும் எழுதாதீர்கள். பெயருக்குப் பக்கத்தில் தேதியும் எதிராளியும் இருக்க வேண்டும். "அலி" என்றால் போதாது. 1966 நவம்பர் 14 அன்று கிளீவ்லேண்ட் வில்லியம்ஸை 3 ரவுண்டில் முடித்த அலி, கால்களை நம்பி ஆடியவர். 1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் ஃபோர்மனை 8ஆவது ரவுண்டில் வீழ்த்தியவர், கயிற்றில் சாய்ந்து அடி வாங்கிக்கொண்டு காத்திருந்த வேறொரு அலி. 1967இல் பட்டம் பறிக்கப்பட்டு, 1970 அக்டோபர் வரை ரிங்கில் ஏற முடியாமல் போன காலம் இந்த இருவருக்கும் நடுவில் கிடக்கிறது. டைசனும் அப்படித்தான். 1988 ஜூன் 27 அன்று ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் முடித்தவர், 1990 பிப்ரவரி 11 அன்று டோக்கியோவில் டக்ளஸிடம் 10ஆவது ரவுண்டில் விழுந்தார்.

புதிதாக வருபவர்கள் செய்யும் பெரிய பிழை, தனக்குப் பிடித்தவரின் நல்ல இரவையும் பிடிக்காதவரின் மோசமான இரவையும் எடுத்து மோத விடுவது. இருவருக்கும் உச்ச இரவையே எடுங்கள். அதில் ஒத்துப்போக முடியாவிட்டால் இருவரின் உச்ச மூன்று ஆண்டுகளைக் குறித்துக்கொண்டு மேலே செல்லுங்கள்.

அலி 1980இல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் ஆடியதைப் பார்த்த பெரியவர்கள் நம் பக்கத்திலும் இருக்கலாம். "நான் நேர்லயே பார்த்தேன் தம்பி" என்று அவர்கள் சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள். நோட்டில் மட்டும் ஏற்றாதீர்கள். அது காட்சிச் சண்டை. காட்சிச் சண்டை எதற்கும் சாட்சி ஆகாது.

இரண்டாம் படி: யாருடைய விதி?

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். ரவுண்டுகளின் எண்ணிக்கை, கிளவுஸ், ரிங்கின் அளவு, ரெஃபரியின் பழக்கம் ஆகிய நான்கையும் எழுதி, எதிரில் இருப்பவரையும் ஒப்புக்கொள்ள வையுங்கள்.

ரவுண்டுகளில் தொடங்குவோம். 1915 ஏப்ரலில் ஹவானாவில் ஜாக் ஜான்சனும் ஜெஸ் வில்லார்டும் மோதியது 45 ரவுண்டுச் சண்டை, 26ஆவதில் முடிந்தது. பிறகு நெடுங்காலம் பட்டச் சண்டை என்றால் 15 ரவுண்டு. 1982 நவம்பரில் மான்சினியுடனான சண்டையில் 14ஆவது ரவுண்டில் விழுந்த கொரிய வீரர் கிம் டுக்-கூ சில நாட்களில் இறந்தார். அதன் பிறகு உலக பாக்சிங் கவுன்சில் 12 ரவுண்டுக்கு மாறியது. 1980களின் முடிவுக்குள் மற்ற அமைப்புகளும் மாறின.

மூன்று ரவுண்டில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைப்பவர்கள் மூன்று சண்டைகளைப் பார்க்க வேண்டும். 1941 ஜூனில் பில்லி கான் 12 ரவுண்டு முடிவில் ஜோ லூயிஸை விட இரண்டு நடுவர்களின் கணக்கில் முன்னால் இருந்தார், மூன்றாமவரிடம் சமம். 13ஆவதில் லூயிஸ் அவரை வீழ்த்தினார். 1952 செப்டம்பர் 23 அன்று மார்சியானோ மூன்று கணக்கிலும் பின்தங்கி இருந்தார், 13ஆவதில் ஒரே வலக்கைக் குத்தில் வால்காட் சாய்ந்தார். 1981 செப்டம்பர் 16 அன்று ஹெர்ன்ஸ் மூன்று கணக்கிலும் முன்னிலை, 14ஆவதில் லெனார்ட் நிறுத்தி வென்றார். மூன்றுமே 12 ரவுண்டுச் சண்டையாக இருந்து கணக்கும் அப்படியே இருந்திருந்தால் மூன்று முடிவும் தலைகீழ்.

"அப்படியே இருந்திருந்தால்" என்பதைக் கவனியுங்கள். 12 தான் என்று தெரிந்திருந்தால் லூயிஸ் தன் வேகத்தை முன்கூட்டியே கூட்டியிருப்பார். 15க்குப் பழகியவர் மூச்சைப் பங்கிட்டு ஆடுவார். எனவே பழைய படத்தில் ஒருவர் முதல் நான்கு ரவுண்டு சோம்பலாகத் தெரிந்தால் அதைக் குறையாக எழுத வேண்டாம். 12க்குப் பழகிய இன்றைய ஆளை 15க்குக் கொண்டுபோகும்போது, அவர் 13ஆவது ரவுண்டைப் பார்த்ததே இல்லை என்பதை எழுதுங்கள்.

கிளவுஸில் வெல்டர்வெயிட் வரை, அதாவது 147 பவுண்டு வரை 8 அவுன்ஸ், அதற்கு மேல் 10 அவுன்ஸ் என்பது இன்றைய வழக்கம். 1892இல் சல்லிவனும் கார்பெட்டும் அணிந்தவை 5 அவுன்ஸ். சின்ன கிளவுஸில் முகத்தைக் கைகளுக்குப் பின்னால் மறைக்க முடியாது, இடுக்கு வழியாகக் குத்து உள்ளே வந்துவிடும். அதனால் பழைய ஆட்கள் கையைத் தாழ்த்தி, உடம்பைப் பின்னுக்கு வாங்கி, எட்டத்தில் நின்றார்கள். அதைப் பார்த்து "இவனுக்கு கார்டு பிடிக்கவே தெரியலையே" என்பது தவறான தீர்ப்பு. அவர்கள் அணிந்த கிளவுஸுக்கு அதுதான் சரியான கார்டு, அதாவது தற்காப்பு நிலை.

1987 ஏப்ரலில் ஹாக்லருடன் மோத லெனார்ட் தரப்பு கேட்டு வாங்கியவை 12 ரவுண்டு, 20 அடி ரிங், 10 அவுன்ஸ் கிளவுஸ். பணத்தில் பெரும்பங்கை ஹாக்லருக்கு விட்டுக்கொடுத்தார்கள். முடிவு, இரு நடுவர்களின் தீர்ப்பில் லெனார்டுக்கு வெற்றி. நிபந்தனைக்கு எவ்வளவு விலை உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ரெஃபரி விஷயத்தில் ஒன்று மட்டும். 1919இல் டெம்ப்சி, வில்லார்டை வீழ்த்திவிட்டு அவர் எழும்போதே மேலே நின்று மீண்டும் குத்தினார். 1927இல் டன்னியுடன் மோதியபோது, எதிராளியை வீழ்த்தியவர் நடுநிலை மூலைக்குப் போன பிறகே எண்ணத் தொடங்க வேண்டும் என்ற விதி இருந்தது. டன்னியை வீழ்த்திய டெம்ப்சி அங்கே போகத் தாமதித்தார், எண்ணிக்கை தள்ளிப்போனது, டன்னி எழுந்து சண்டையையும் வென்றார். டெம்ப்சியை டைசனோடு மோத விடும்போது எந்த விதி என்று கேட்காமல் பதில் சொல்லாதீர்கள்.

மூன்றாம் படி: தராசு எப்போது?

முன்பெல்லாம் சண்டை நாளன்றே எடை பார்ப்பார்கள். இப்போது முதல் நாளே பார்த்துவிடுகிறார்கள். நீரை வற்றவைத்து எடையைக் காட்டிவிட்டு, அடுத்த நாள் இரவுக்குள் பல கிலோ ஏற்றிக்கொண்டு ரிங்குக்கு வர இதில் இடம் உண்டு. 2000இல் கேமாஷுடன் மோதிய ஆர்ட்டுரோ கட்டி என்ற வீரர் 141 பவுண்டு வரம்பில் எடை காட்டினார். சண்டை இரவில் ஒளிபரப்பு நிறுவனத்தின் தராசில் அவர் 160. இரண்டே ரவுண்டில் சண்டை முடிந்தது.

ஆகவே "இருவரும் லைட்வெயிட்தானே, 135 பவுண்டுதானே" என்று நிறுத்திவிடக் கூடாது. 1972இல் பட்டம் வென்ற ரொபெர்டோ டுரான் ரிங்கில் நின்ற எடை தராசில் காட்டியதற்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கும். இன்றைய 135காரர் ரிங்கில் ஒரு வகுப்பு மேலே நிற்கலாம். சரிசெய்ய இரண்டு வழி உண்டு. இருவருக்கும் சண்டை நாள் காலையில் எடை என்று வைத்து, இன்றைய ஆள் எந்த வகுப்புக்குத் தள்ளப்படுவார் என்று பாருங்கள். அல்லது பழைய ஆள் பட்டமில்லாத சண்டைகளில் எவ்வளவு எடையோடு ஆடினார் என்று தேடி, அதுதான் அவரது இயல்பான எடை என்று கொள்ளுங்கள். முதல் வழியில் குழப்பம் குறைவு.

ஹெவிவெயிட்டில் தலைவலி வேறு. மார்சியானோ 185 பவுண்டுக்கு அக்கம்பக்கம். இன்றைய கணக்கில் 200க்கு மேல் இருந்தால்தான் ஹெவிவெயிட், அவர் அதற்குக் கீழே உள்ள க்ரூசர்வெயிட். லெனாக்ஸ் லூயிஸ் 6 அடி 5 அங்குலம், கைவீச்சு 84 அங்குலம். இங்கே "திறமை இருந்தால் போதும்" என்பதும் பொய், "பெரியவன்தான் ஜெயிப்பான்" என்பதும் பொய். 2024 மே மாதம் உசிக் தன்னைவிட ஏறக்குறைய 40 பவுண்டு கூடுதலான ஃபியூரியை வென்றார். ஆனால் உசிக்கும் 6 அடி 3 அங்குலம், 220 பவுண்டைத் தாண்டியவர். 185க்கும் 245க்கும் உள்ள இடைவெளி அந்த வகையில் சேராது. எங்கள் பழக்கம், 30 பவுண்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் நூறு முறை மோதினால் சிறியவருக்கு முப்பது வெற்றிக்கு மேல் கொடுப்பதில்லை. கொடுப்பதானால் அதற்குத் தனியாக ஒரு காரணத்தை எழுத வேண்டும்.

நான்காம் படி: படம் பார்க்கும் விதம்

ஒவ்வொருவருக்கும் மூன்று சண்டைகள், முழுதாக. அவரது சிறந்த வெற்றி ஒன்று, அவருக்குத் தண்ணி காட்டிய வெற்றி ஒன்று, ஒரு தோல்வி. ஹைலைட்ஸ் வேண்டாம். அதில் தவறிய குத்து ஒன்றுகூட இருக்காது. எல்லோரும் மாவீரர்களாகத் தெரிவார்கள்.

1920களின் இறுதிக்கு முந்தைய மௌனப் படமானால் முதலில் வேகத்தைச் சரிபாருங்கள். அவற்றில் பல விநாடிக்கு 16 முதல் 18 ஃபிரேம் வரை எடுக்கப்பட்டவை. 24 ஃபிரேமில் ஓட்டினால் ஆட்கள் பொம்மை போலத் துள்ளுவார்கள். "பழைய ஆளுங்க என்ன வேகம் பாரு" என்று வியப்பதும் "கோமாளி மாதிரி இருக்கு" என்று சிரிப்பதும் இதனால்தான். வெட்டப்படாத ஒரு ரவுண்டைத் தொடக்க மணி முதல் முடிவு மணி வரை ஸ்டாப்வாட்சில் அளந்து பாருங்கள். மூன்று நிமிடம் வர வேண்டும். 2 நிமிடம் 15 விநாடியில் முடிந்தால் யூடியூபில் வேகத்தை 0.75இல் வையுங்கள். நடுவில் வெட்டு இருந்தால் இந்தக் கணக்கு உதவாது. அப்போது ஓய்வு நேரத்தில் மூலையில் துண்டு வீசுபவரின் கை இயல்பாகத் தெரியும் வரை வேகத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

பார்க்கும்போது எல்லாவற்றையும் குறிக்க முயன்றால் எதுவும் நிற்காது. நான்கு போதும். சண்டை எந்தத் தூரத்தில் நடக்கிறது, அந்தத் தூரத்தை யார் வைத்திருக்கிறார்கள்? ஜாபுக்கு (முன்னால் இருக்கும் கையால் நேராக விடும் குத்து) பின் எந்தக் கை வருகிறது? பலமான அடி வாங்கியவுடன் ஆள் என்ன செய்கிறார்: கட்டிப் பிடிக்கிறாரா, பின்வாங்குகிறாரா, கோபத்தில் திருப்பி அடிக்கிறாரா? இரண்டாம் ரவுண்டில் இருந்த இடத்திலேயே பத்தாம் ரவுண்டிலும் கை இருக்கிறதா? இவற்றில் மூன்றாவது கேள்விதான் கற்பனைச் சண்டையில் அதிகம் பயன்படும். அடி வாங்காத இரவில் எல்லோரும் அழகாகத்தான் ஆடுவார்கள்.

ஐந்தாம் படி: பதிவை வாசிப்பது

மார்சியானோவின் 49-0 (49 வெற்றி, தோல்வியே இல்லை) என்ற எண் மயக்கும். எதிராளிகளின் வயதைப் பக்கத்தில் எழுதுங்கள். ஜோ லூயிஸுக்கு 37, வால்காட்டுக்கு 38. எஸ்ஸார்ட் சார்ல்ஸ் அவர்களைவிட இளையவர், 1954 ஜூனில் 15 ரவுண்டும் நின்றார். 49-0 பொய்யில்லை. ஆனால் அந்த இரவுகளில் எதிரே நின்றது எந்த லூயிஸ், எந்த வால்காட் என்பதையும் சேர்த்துத்தான் அதை வாசிக்க வேண்டும்.

1910களில் அமெரிக்காவின் பல இடங்களில் நடுவர் தீர்ப்பே சொல்லக் கூடாது, நாக்அவுட் ஆகாவிட்டால் முடிவு இல்லை. மறுநாள் பத்திரிகைக்காரர்கள் எழுதியதுதான் தீர்ப்பு. அதனால் அந்தக் காலத்து வெற்றி தோல்விக் கூட்டல் இடத்துக்கு இடம் மாறும், அதை வைத்துச் சண்டை போடாதீர்கள். நிறவெறியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஹாரி வில்ஸ் என்ற கறுப்பின வீரருக்கு டெம்ப்சியோடு மோதும் வாய்ப்புக் கிடைக்கவே இல்லை. ஒரு சாம்பியனின் பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்பதோடு, யாருக்கு இடம் மறுக்கப்பட்டது என்பதையும் எழுதுங்கள்.

ஆறாம் படி: பாலமாக நின்றவர்கள்

இரண்டு காலத்திலும் ஆடியவர்களைத் தேடுங்கள். ஆர்ச்சி மூர் 1955இல் மார்சியானோவோடும் 1962இல் இளம் அலியோடும் மோதினார். லாரி ஹோம்ஸ் 1980இல் அலியோடும் 1988இல் டைசனோடும் மோதினார். ஃபோர்மன் 1973இல் ஃப்ரேசியரை இரண்டே ரவுண்டில் ஆறு முறை வீழ்த்தியவர். 1991இல் 42 வயதில் ஹோலிஃபீல்டோடு 12 ரவுண்டும் நின்று புள்ளியில் தோற்றார். 1994 நவம்பரில் 45 வயதில் மூரரை நாக்அவுட் செய்து பட்டத்தையே வாங்கினார்.

இந்தப் பாலம் சொல்வது கொஞ்சம்தான். வயதான பின்பும் நிற்பவை அடி தாங்கும் சக்தியும் குத்தின் கனமும். முதலில் போவது கால். எனவே கிழட்டு ஃபோர்மன் தாக்குப்பிடித்ததை வைத்து 1970களின் ஆட்கள் பலசாலிகள் என்று சொல்லலாம், வேகமானவர்கள் என்று சொல்ல முடியாது. 38 வயது ஹோம்ஸை டைசன் 4 ரவுண்டில் முடித்தது, 30 வயது ஹோம்ஸை என்ன செய்திருப்பார் என்பதற்குப் பதில் ஆகாது.

"அவன் இவனை அடிச்சான், இவன் அவனை அடிச்சான், அப்போ..." என்ற சங்கிலியும் நம்பத்தக்கதல்ல. ஃப்ரேசியர் 1971இல் அலியை வென்றார். ஃபோர்மன் ஃப்ரேசியரை நொறுக்கினார். அலி ஃபோர்மனை வென்றார். 1973இல் அலியின் தாடையை உடைத்த நார்ட்டனை ஃபோர்மன் 2 ரவுண்டில் முடித்தார். ஆட்ட முறைக்கு ஆட்ட முறை பொருந்துவதைத்தான் பார்க்க வேண்டும்.

கணினியிடம் விடலாமே என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1969இல் அலியையும் 45 வயது மார்சியானோவையும் ரிங்கில் நடிக்க வைத்துப் படம் எடுத்தார்கள். கணினி சொன்ன முடிவு என்று 1970 ஜனவரியில் திரையரங்குகளில் காட்டினார்கள். 13ஆவது ரவுண்டில் மார்சியானோ வெற்றி. அதைப் பார்க்க அவர் இல்லை, முந்தைய ஆகஸ்டில் விமான விபத்தில் இறந்திருந்தார். கணினிக்குள் போட்டது மனிதர்கள் கொடுத்த மதிப்பெண்களைத்தான். இன்றைய வீடியோ கேமும் அதே வகை.

ஒரு ஜோடியைச் செய்து பார்ப்போம்: செர்தான், ஹாக்லர்

புதுச்சேரிக்கு ஏற்ற ஜோடி இது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா தாத்தா இருக்கும் வீட்டில் பிரெஞ்சு மிடில்வெயிட் சாம்பியன் மார்செல் செர்தான் பெயர் காதில் விழுந்திருக்கலாம். வீட்டில் பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர் இருந்தால் பிரெஞ்சு தேசிய நூலகத்தின் கல்லிகா தளத்தில் பழைய பத்திரிகைகளை இலவசமாகப் புரட்டலாம். இந்த வசதி வடசென்னைக்காரர்களுக்குக்கூட எளிதில் வாய்க்காது.

தேதி: செர்தானுக்கு 1948 செப்டம்பர் 21, டோனி ஸேலை 12ஆவது ரவுண்டுக்கு எழ முடியாமல் செய்த இரவு, வயது 32. ஹாக்லருக்கு 1983 பிப்ரவரி, டோனி சிப்சனை 6 ரவுண்டில் நிறுத்திய இரவு, வயது 28. நிபந்தனை: 15 ரவுண்டு, 160 பவுண்டு, அன்று காலையே எடை, 8 அவுன்ஸ், 18 அடி ரிங். ஹாக்லர் வாழ்நாள் முழுக்க மிடில்வெயிட்டாகவே இருந்தவர், செர்தான் வெல்டரில் இருந்து வந்தவர். எடையில் ஹாக்லருக்குச் சின்னச் சாதகம்.

ஹாக்லர் முதன்மையாக இடக்கைக்காரர், நினைத்தால் நிலை மாற்றுவார், கைவீச்சு 75 அங்குலம். செர்தான் முன்னேறி வந்து விலாவிலும் தலையிலும் இரு கையாலும் அடிப்பவர். இடக்கைக்காரருக்கு எதிரான முதல் ஆயுதம் நேர் வலக்கை, அது செர்தானிடம் உண்டு. ஆனால் அவர் காலத்தில் இடக்கைக்காரர்கள் குறைவு, அந்தக் கோணம் அவருக்குப் பழக்கமில்லை. முன்னேறி வரும் குட்டையான சிப்சனை ஹாக்லர் ஜாபால் நிறுத்திக் கிழித்தார். நேர் வலக்கை விழுந்தால்? 1985இல் ஹெர்ன்ஸின் வலக்கையை முதல் ரவுண்டிலேயே முழுதாக வாங்கிக்கொண்டு நின்றவர் ஹாக்லர்.

ஹாக்லரைத் திணறடித்தவர்கள் யார் என்று பாருங்கள். 1983 நவம்பரில் டுரான், 1987இல் லெனார்ட். இருவருமே அவரை முன்னேறி வரவைத்தவர்கள். டுரான் 13 ரவுண்டு முடிவில் இரண்டு கணக்கில் ஒரு புள்ளி முன்னால் இருந்தார். செர்தானின் இயல்பு அதற்கு நேர் எதிர். அவர் தேடிப் போவார், ஹாக்லருக்கு அதுதான் வேண்டும்.

செர்தானின் வழி: முதல் ஆறு ரவுண்டில் உடம்பில் அடித்து ஜாபின் வேகத்தைக் குறைப்பது, ஹாக்லரின் புருவத்தைக் கிழிப்பது. ஹெர்ன்ஸ் சண்டையில் நெற்றி கிழிந்து மருத்துவரைக் கூப்பிட வேண்டி வந்தது, ஆகவே இது வெறும் கனவில்லை. 1949 ஜூனில் லாமோட்டாவிடம் செர்தான் தோற்றதைச் சிலர் இழுப்பார்கள். முதல் ரவுண்டிலேயே தோள் போய்விட்டது, அப்படியும் ஒன்பது ரவுண்டு நின்றார். அதைப் பலவீனமாக எழுத வேண்டாம். மறுமோதலுக்குப் போகும் வழியில் அந்த அக்டோபரில் விமானம் விழுந்து இறந்தார்.

தீர்ப்பை "ஹாக்லர் ஜெயிப்பார்" என்று எழுதி மூடாதீர்கள். நூறு முறை மோதினால் என்று எழுதுங்கள்: ஹாக்லர் 70, அதில் புள்ளியில் 45, நிறுத்தி 25. செர்தான் 30, பெரும்பாலும் புள்ளியில் அல்லது காயத்தால். எதிரில் இருப்பவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரே ஒரு நிபந்தனையை மாற்றி மறுபடி போடச் சொல்லுங்கள். 12 ரவுண்டாக்கினால் நாங்கள் செர்தானுக்கு 35 கொடுப்போம், ஏனென்றால் ஹாக்லர் பிந்திய ரவுண்டுகளில் வலுப்பவர். இரண்டு நிபந்தனையை ஒரே நேரத்தில் மாற்றினால் எது எண்ணை நகர்த்தியது என்று தெரியாமல் போகும்.

முதலில் எடுக்க நல்ல ஜோடிகள்: 147 பவுண்டில் சுகர் ரே ராபின்சனும் லெனார்டும், 135இல் டுரானும் இளம் மேவெதரும், ஹெவிவெயிட்டில் ஜோ லூயிஸும் 1988 டைசனும். ராபின்சனின் வெல்டர் காலத்துப் படங்கள் குறைவு, கிடைப்பவை பெரும்பாலும் மிடில்வெயிட் ராபின்சன், அதை நோட்டில் குறித்துவிடுங்கள். ஹாரி கிரெப்பை இப்போதைக்குத் தொடாதீர்கள். டன்னியின் பதிவில் உள்ள ஒரே தோல்வியைக் கொடுத்தவர் அவர்தான், ஏறக்குறைய 300 சண்டை ஆடியவர். ஆனால் அவருடைய ஒரு சண்டைக்குக்கூட படம் கிடைக்கவில்லை, மிஞ்சியது பயிற்சி செய்யும் படத்துண்டு மட்டும். நான்காம் படியே இல்லாமல் அவரை வைத்து என்ன சொன்னாலும் அது வெறும் வாய்ப்பந்தல்.